கேரட் ஒடியும் சத்தம்

லோயிஸ் ஒரு கேரட்டை ஒடித்தாள். அவ்வளவுதான் நடந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மேரன் வோஸின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனது. யாரோ பறித்துக்கொண்டு போக வந்ததுபோல இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஒன்று சொன்னால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அயோவாவின் இந்த மூலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆயுள் முழுக்கப் பண்ணை ஏலம் போட்ட வாய் இது. மூன்று கால் மாட்டை, ‘நாலாவது கால் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன்’ என்று விற்றவன் நான். ஆனால் அந்த முகத்தைப் பற்றி நான் சொல்வதில் கழிக்க ஒன்றுமில்லை.

“மன்னிச்சுக்கோ கண்ணு, மறந்தே போச்சு,” என்றாள் லோயிஸ்.

“பரவால்ல. கேரட்தானே.” மேரன் சிரிக்கப் பார்த்தாள். “எனக்குத் தெரியுது. இந்தக் காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

அன்றைக்கே என் மனைவி லோயிஸ் கேரட்டுக்குக் கத்தரிக்கோல் போட ஆரம்பித்தாள். ரொட்டி வாட்டும் டோஸ்டர் துள்ளுவதற்கு முன்னால் நான் ஓடிப்போய் அதன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஊற்றினால் ஐஸ் வெடித்துச் சத்தம் போடும் என்று ஐஸையே நிறுத்திவிட்டோம். இந்த நாட்டில் ஐஸ் இல்லாமல் தண்ணீர் கொடுத்தவனை ஜெயிலில் போடுவார்கள். நாங்கள் துணிந்து கொடுத்தோம்.

அந்தச் சத்தத்தை நானும் கேட்டவன்தான். செப்டம்பரில், பருவத்தின் மூன்றாவது ஆட்டம். எங்கள் லிட்டில் எல்க் கல்லூரி மைதானத்தில், பார்வையாளர் படிகளுக்கு மேலே பலகையால் அடித்த ஓர் அறை இருக்கிறது. பெண்கள் கால்பந்து ஆட்டங்களுக்கு அங்கே நான் மைக்கில் அறிவிப்பேன். லோயிஸ் கடிகாரத்தை ஓட்டுவாள். மேரன் பந்தோடு வந்தாள், இடது பக்கம் சட்டென்று வெட்டித் திரும்பினாள். பக்கத்தில் ஒரு ஈ கூட இல்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம். மைக் ஒயர்தான் அறுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் புல்லில் கிடந்தாள். முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் நார் அறுந்திருந்தது. பள்ளிக்கூட நாளில் வலது காலில் அறுந்த அதே நார், இப்போது இடது காலில். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். “திரும்பவுமா?” என்று மட்டும் கேட்டாளாம், தன் காலைப் பார்த்து.

அவளுடைய கல்லூரி விடுதி அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. எனவே ஆபரேஷன் முடிந்ததும் எங்கள் வீட்டுக் கீழ் அறைக்கு வந்துவிட்டாள். அவளை ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் பெரியப்பா பண்ணையை நான்தான் ஏலம் விட்டேன். கூட்டத்தில் நின்ற இந்தப் பொடிசு, தோழியைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள். என் ஏலத்தில் தூக்கிய கை தூக்கியதுதான். ஒரு வெள்ளாட்டை அவள் தலையில் கட்டிவிட்டேன். அவள் அப்பா கெரிட் வோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கட்டினார். அந்த ஆடுதான் அவளுடைய முதல் கோல்கீப்பர். தானியக் கொட்டகைச் சுவருக்கு முன்னால் அதைக் கட்டிவைத்து உதைத்து உதைத்துப் பழகினாள். நல்ல ஆடு. எங்கள் கல்லூரியின் இப்போதைய கோல்கீப்பரைவிட அதிகப் பந்துகளைத் தடுத்தது.

வழியனுப்பு ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம்தான் வழியனுப்பு ஆட்டம். நாலாம் வருஷப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பெற்றோரோடு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். பூ கொடுப்போம், படம் எடுப்போம். அவர்களில் ஒருத்தி காயம்பட்டுக் கிடந்தால் அவளுக்கென்று ஒரு மரியாதை உண்டு. எதிரணியும் ஒத்துக்கொண்டுதான் செய்வது. விசில் ஊதியதும் அவள் பந்தை ஒருமுறை தொடுவாள், எதிரணிக்காரி அதை வெளியே தட்டிவிடுவாள், எல்லாரும் எழுந்து கைதட்ட இவள் நடந்து வெளியேறுவாள். பார்க்கிறவன் கல்லாக இருந்தாலும் அழுதுவிடுவான்.

“கோச் கேட்டாங்க, சனிக்கிழம தொடறியான்னு,” என்றாள் மேரன். “தொடறேன்னு சொல்லிட்டேன்.”

லோயிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். “தொட்டா அடுத்த வருஷம் போச்சேடி.”

அதுதான் விதி. ஒருத்திக்கு நாலு பருவம். ஆரம்பத்திலேயே காயம் பட்டுவிட்டால் அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று மனுப் போட்டு இன்னொன்று வாங்கலாம். ஆனால் பருவத்தின் பின்பாதியில் விசில் ஊதிய பிறகு ஒரு நொடி மைதானத்தில் நின்றால்கூட அது ஆடிய பருவம்தான். மரியாதைக்குத் தொட்டேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. டாக்டர் வரும் இலையுதிர் காலத்துக்குள் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். கோச் லண்ட் மனுவைத் தயாராக வைத்திருந்தாள்.

“அதுக்குத்தான் தொடறேன்,” என்றாள் மேரன்.

நான் பேசாமல் இருந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“இப்படி முடிஞ்சா நல்லா முடியும். பூ குடுப்பாங்க. அப்பா அழுவாரு. யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டாங்க.”

“யாரு சொல்றா அப்படி?”

“நான்தான்.” தட்டில் இருந்த சோளத்தை முள்கரண்டியால் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். “கண்ணை மூடுனா எடது பக்கம் திரும்பறேன். டக்குன்னு கேக்குது. முழிச்சுக்கறேன். குளிக்கறப்போ சோப்பு கீழ விழுந்தாக்கூட சுவரைப் பிடிச்சிட்டு நிக்கறேன். மூணாவது தடவ கேட்டா என்னால ஆகாது. அதனால ஆட மாட்டேன். கோச்கிட்ட டெ மாயின் சிட்டில வேலை கெடச்சிருக்குன்னு சொல்லிருக்கேன்.”

“கெடச்சிருக்கா?”

“இல்ல.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஆர்லன், நீங்க வாயைத் தெறக்கக் கூடாது. அப்பாகிட்ட, கோச்கிட்ட, யார்கிட்டயும். சத்தியம் பண்ணுங்க.”

“இவன் வாயைத் தெறக்காம இருக்கறதா?” என்றாள் லோயிஸ். “அதுக்கு வாயில சாணி வெச்சுப் பூசணும். எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்.”

சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது. மறுநாள் விடியற்காலையில் கார் ஷெட்டுப் பக்கம் ‘தொம்’ என்று கேட்டது. ரக்கூன்தான் குப்பைத்தொட்டியை உருட்டுகிறது என்று துடைப்பத்தோடு போனேன். உள்ளே மேரன், இடது காலில் இரும்புக் கவசம்போல ஒரு பட்டை கட்டிக்கொண்டு, வலது கால் உள்பக்கத்தால் பந்தைச் சுவரில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த பந்தைக் காலால் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி முகம். ஒரு தடவை பந்து விலகி இடது பக்கமாக உருண்டது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். கைக்கெட்டும் தூரம்தான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், குளிரில் மூச்சுப் புகைய, பந்து இல்லை அது, பாம்பு என்பது போல. பிறகு உள்ளே போய்விட்டாள். பந்து அங்கேயே கிடந்தது.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். எழுபத்திரண்டு வயதுக்காரன் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு விளையாட வேண்டும். அதைத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன், துடைப்பமும் சேர்த்தால் இருவர். இருவருமே பேசக் கூடாது.

சனிக்கிழமை வடகாற்று வீசியது. அறுவடை முடிந்த சோள வயல்களின் சருகெல்லாம் மைதானத்தில் பறந்தது. படிகளுக்குக் கீழே தாய்மார்கள் மிளகாய்ச் சூப்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் விற்றார்கள். மற்ற நாளில் நான் நாலு ரொட்டி சாப்பிடுவேன். அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் லோயிஸ், கடிகாரப் பெட்டியைத் தட்டிக்கொண்டே.

“குளிரு.”

“குளிருல செவக்கணும். நீ பச்சையா இருக்கே.”

கோச் லண்ட் வந்து ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மைக்கில் படிக்க வேண்டிய வரி: ‘லிட்டில் எல்க் கல்லூரிக்காகக் கடைசி முறையாகப் பந்தைத் தொடுகிறார், மேரன் வோஸ்.’ இதை நான் படித்து முடித்ததும் நடுவர் விசில் ஊதுவாள் என்று ஏற்பாடு. ஓர் அட்டை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. கன்றுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையால் தூக்கினேன்.

நாலாம் வருஷப் பெண்கள் வந்தார்கள். கடைசியில் மேரன், கெரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, கால்பட்டை தெரிய மெல்ல நடந்து. கெரிட் திருமணத்துக்கும் சாவுக்கும் போடும் ஒரே கோட்டைப் போட்டிருந்தார். பெண்ணை மைதானத்தில் விட்டுவிட்டு, பூங்கொத்தைக் கோழியைப் பிடிப்பதுபோலக் கழுத்தில் பிடித்துக்கொண்டு வந்து முதல் படியில் உட்கார்ந்தார். அணிகள் நின்றன. நடு வட்டத்தில் பந்து. அதன் பக்கத்தில் மேரன். நடுவர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மேரனும் மேலே பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. கேரட் ஒடிந்தபோது பார்த்த அதே முகம்.

அட்டையைப் படிக்க வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

“பெரியோர்களே, தாய்மார்களே, இந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்த. இவளுக்கு மொதல் கோச் ஒரு வெள்ளாடு.”

படிகளில் சிரித்தார்கள். நான் விடவில்லை. நிறுத்தினால் விசில். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முதல் வருஷம் அவள் போட்ட முதல் கோல் முதுகில் பட்டுப் போனதைச் சொன்னேன். முதுகு என்பது மரியாதைக்காக. இரண்டாம் வருஷம் ஓட்லி கல்லூரிக்கு எதிராக அரை மைதானத்திலிருந்து அடித்ததைச் சொன்னேன். அரை என்றா சொன்னேன், முக்கால் என்றேன். எதிரே நின்றதே ஓட்லி அணிதான். அவர்கள் கோல்கீப்பர் இடுப்பில் கை வைத்தாள். மூன்றாம் வருஷம் மழையில் மூக்கில் ரத்தம் வழிய, மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் அடித்ததைச் சொன்னேன். மழையைப் பனிப்புயலாக்கினேன், பஞ்சைச் சாக்குமூட்டையாக்கினேன். பெண்கள் குளிரில் குதிக்க ஆரம்பித்தார்கள். நடுவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். கோச் லண்ட் கையைச் சுழற்றினாள்: முடி, முடி.

லோயிஸ் மேசைக்கடியில் என் காலை உதைத்தாள். “உனக்கென்ன பைத்தியமா? படிச்சித் தொலை.”

“முடியல லோயி,” என்றேன், மைக்கை மூடிக்கொண்டு.

“ஏன்?”

“பயமா இருக்கு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே மேரனைப் பார்த்தாள். அதற்கப்புறம் உதைக்கவில்லை.

ஆனால் என் சரக்கு தீர்ந்துபோயிற்று. நம்புங்கள், வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய்கூடத் தீர்ந்தது. மைதானம் முழுக்கக் காத்திருந்தது. கொடிக்கம்பத்தில் கயிறு மோதுகிற சத்தம் மட்டும். அட்டையைப் பார்த்தேன். ‘கடைசி’ என்ற சொல்லில் நாக்கு மாட்டிக்கொண்டது. நுகத்தடியைப் பார்த்த கிழட்டு மாடு தானாகப் பழைய தடத்தில் போகுமே, அப்படி என் நாக்கு போனது.

“ஒரு தரம்,” என்றேன் மைக்கில்.

லோயிஸ் மூச்சை இழுத்தாள். படிகளில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் விவசாயிகள். தங்கள் அப்பாவின் பண்ணையோ மாமனாரின் பண்ணையோ இந்தக் குரலில் போனதைக் கேட்டவர்கள். குரலைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு உறைந்து உட்கார்ந்தார்கள். தெரியாமல் மூக்கைச் சொறிந்து எதையாவது வாங்கிவிடுவோமோ என்று.

“ரெண்டு தரம்.”

மூன்றாவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதை விற்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. மைதானத்தில் ஒருத்திக்குத் தெரியும். அவள் பந்தைப் பார்த்தாள். விசிலைப் பார்த்தாள். நடுவரின் கன்னம் உப்பியது, ஊதப் போகிறாள் என்றே நினைத்தேன். மைக்கை நான் இறுக்கிப் பிடித்தது ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே இடி உருளுவதுபோலக் கேட்டது.

மேரனின் வலது கை எழுந்தது. முதலில் இடுப்பளவு. பிறகு தோளளவு. பிறகு தலைக்கு மேலே, விரல் விரித்து, ஆடு வாங்கிய அன்றைக்குப் போலவே.

நடுவர் விசிலை எடுத்துவிட்டு அவளிடம் போனாள். கோச் லண்ட் ஓடினாள். அங்கே பேசியதைக் கோச் எனக்கு அப்புறம் சொன்னாள்.

“நான் ஆடல கோச்.”

“என்ன ஆச்சு? வலிக்குதா?”

“இல்ல. பயமா இருக்கு. ஆடல.”

“இன்னைக்கா, என்னைக்குமா?”

மேரனுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதாம்.

“இன்னைக்கு,” என்றாளாம்.

பட்டை கட்டிய காலோடு அவள் வெளியே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஒரு வயது கூடியது. இப்போது எனக்கு நூற்றுப்பத்து. கோட்டைத் தாண்டி இரண்டு காலும் வெளியே வைத்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

“மூணு தரம். வோஸ் வாங்கியாச்சு.”

விவசாயிகள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

ஆட்டம் தொடங்கியதும் கெரிட் படியேறி எங்கள் அறைக்கு வந்தார். பூங்கொத்து நசுங்கியிருந்தது.

“ஆர்லன். இப்போ எதைடா என் பொண்ணு தலையில கட்டினே?”

“ஒரு வருஷம்.”

“ஆடே தேவலையே,” என்றார். அப்படியே லோயிஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “செப்டம்பர்ல நான் அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். எனக்கும் கேட்டுது. இன்னும் ஒரு வருஷம் நான் இங்க வந்து உக்காரணுமா?”

“வராதீங்க,” என்றாள் லோயிஸ்.

“வராம எப்படி இருக்கறது?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பூவை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

குளிர்காலம் முழுக்க மேரன் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மனு போய், ஆகட்டும் என்று பதில் வந்தது. அவள் பயம் எங்கேயும் போகவில்லை. வசந்தத்தில் ஓட ஆரம்பித்தாள், வலது பக்கமாக மட்டும். தெருக்கோடியில் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்று, நடந்து திரும்பி, மறுபடி ஓடுவாள். தபால்காரன் வழி தெரியாதவள் என்று நினைத்து வரைபடம் கொடுத்தான். ஜூலையில் ஒருநாள் வியர்த்து ஊற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒடித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். மறுநாளும் வந்து ஒன்றை ஒடித்தாள். அந்தக் கோடையில் நாங்கள் தின்ற கேரட்டுக்கு எனக்கு இருட்டில் பேப்பர் படிக்க வந்தது.

செப்டம்பரில் முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் கோச் லண்ட் அவளைக் கூப்பிட்டாள். மாற்று ஆட்டக்காரி உள்ளே வருவதை அறிவிப்பது என் வேலை. “உள்ளே வருபவர், மேரன் வோஸ்,” என்று மட்டும் சொன்னேன். ஆடு இல்லை, புயல் இல்லை. என்னை அறிந்தவர்கள் திரும்பி அறையைப் பார்த்தார்கள், செத்துவிட்டேனோ என்று. கெரிட் முதல் படியில், செப்டம்பர் வெயிலில், அதே கோட்டோடு.

முதலில் அவள் பக்கம் பந்தே வரவில்லை. வரக்கூடாது என்று வேண்டினேன். வந்தது. ஓரத்தில் எடுத்தாள், உள்ளே கொண்டுவந்தாள். எதிரே ஒரு தடுப்பாட்டக்காரி. வலது பக்கம் அடைப்பு. இடது பக்கம் திறந்து கிடந்தது, கொட்டகைக் கதவு மாதிரி.

அவள் வெட்டித் திரும்பினாள்.

டக்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. சுவரில் முட்டி நின்றேன். கீழே யாரும் கத்தவில்லை. போன தடவையும் யாரும் கத்தவில்லை.

“கண்ணைத் தெற,” என்றாள் லோயிஸ்.

அவள் கையில் கடிகாரப் பெட்டிப் பக்கத்தில் வைத்திருந்த பென்சில் இரண்டு துண்டாக இருந்தது.

“நீயா?”

“நான்தான். நீ மட்டும்தான் பயப்படணுமா?”

கீழே மேரன் ஓடிக்கொண்டிருந்தாள். அடித்தாள். பந்து கோல்கம்பத்துக்கு ஒரு மைல் மேலே பறந்து, மூன்று வயல் தாண்டி, பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் போய் விழுந்தது. இதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். அவள் குனிந்து இடது முழங்காலை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. நிமிர்ந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நிதானமாகத் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினாள். பிறகு, பந்து மறுபடி விளையாட்டுக்கு வந்ததும், தனக்கு வேண்டும் என்று கையைத் தூக்கினாள்.

‘ஒரு தரம்’ என்று வாய்வரை வந்துவிட்டது, நான் மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.